தாத்தாவின் பிறப்புப் பத்திரம்: காற்பந்துச் சங்கத்துக்கும் விளையாட்டு அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மலேசியக் காற்பந்துச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், நாளை அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்களுக்கும், இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சுக்கும் வணக்கம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம், தோட்டத்தை ஒட்டிய ஒரு திடலில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பத்தொன்பது பேர் வருகிறார்கள். மழைக்காலத்தில் பன்னிரண்டு பேர்.

2025 ஜூன் 10-ஆம் தேதி இரவு அந்தப் பிள்ளைகளோடு ஊர் ஒட்டுக்கடையில் இருந்தேன். ஆசியக் கிண்ணத் தகுதியாட்டத்தில், புக்கிட் ஜாலில் அரங்கத்தில், வியட்நாமை 4-0 என்று வென்றோம். ஒவ்வொரு கோலுக்கும் பிள்ளைகள் மேசையைத் தட்டிய தட்டில் கிளாஸெல்லாம் ஆடியது. கடைக்காரர் திட்டவில்லை. நான்காவது கோல் விழுந்ததும் எல்லாருக்கும் ஒரு மைலோ போட்டுக் கொடுத்து, காசு வேண்டாம் என்றுவிட்டார். பல வருடம் கழித்து அப்படி ஒரு இரவு.

செப்டம்பர் கடைசியில் உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபீஃபாவின் முடிவு வந்தது. வெளிநாட்டில் பிறந்து நம் தேசிய அணியில் சேர்க்கப்பட்ட ஏழு விளையாட்டாளர்களுக்காகக் கொடுக்கப்பட்ட தாத்தா பாட்டிமாரின் பிறப்பு ஆவணங்கள் போலியாகத் திருத்தப்பட்டவை என்றார்கள். ஏழு பேருக்கும் ஓராண்டுத் தடை, சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். உங்கள் தரப்பு அதைத் தொழில்நுட்பப் பிழை என்றது. நவம்பரில் ஃபீஃபாவிடம் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியானது. பினாங்கில் பிறந்தவர் என்று தாளில் எழுதப்பட்ட ஒருவரின் தாத்தா, உண்மையில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாநிலத்தில் பிறந்தவராம்.

அந்தச் செய்தி வந்த வாரம் திடலில் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் குடியுரிமை இருந்தால் மட்டும் போதாது. அவரோ, அவரைப் பெற்றவரோ, தாத்தா பாட்டியோ அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஃபீஃபா விதியைச் சொன்னேன். வலது ஓரத்தில் ஆடும் பையன் ஒருவன், பதின்மூன்று வயது, காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான்:

"சார், தாத்தா இங்க பொறந்திருந்தா போதுமா?"

"குடியுரிமை இருந்து, தாத்தாவும் இங்கே பிறந்திருந்தால் ஆடலாம்."

"எங்க தாத்தா இங்கதான் சார் பொறந்தாரு. அந்தா, அந்த மேட்டுலதான் பொதச்சிருக்கு."

அவன் கை காட்டிய இடம் திடலிலிருந்து தெரியும். செம்பனைக்கு நடுவே ஒரு சின்ன மேடு, ஐந்தாறு சிமெண்டுக் கல்லறைகள். அந்தப் பையனிடம் பிறப்புப் பத்திரம் உண்டு. அதில் குடியுரிமைக்கு நேராக, குடிமகன் இல்லை என்று அச்சாகியிருக்கிறது. அதனால் அவனுக்கு அடையாள அட்டை இல்லை.

அவனுடைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மடல் எழுத அவன்தான் காரணம். அவனுடைய அம்மாவும் இதே மாவட்டத்துத் தோட்டத்தில்தான் பிறந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிரசவம். பக்கத்து வீட்டு ஆயா தொப்புள்கொடி அறுத்தார். பதிந்து வைக்க யாரும் போகவில்லை. விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும்; பட்டணத்துக்குப் போக பஸ் காசு வேண்டும்; அங்கே போய் மலாயில் பேச வேண்டும். அப்படியே விட்டுவிட்டார்கள். பத்திரம் இல்லாத அந்தப் பெண் வளர்ந்து, கோயிலில் தாலி கட்டிக்கொண்டார். பத்திரம் இல்லாதவரின் திருமணத்தை எப்படிப் பதிவது? பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, சட்டப்படி தாயின் நிலையைத்தான் பெறும். அப்பா நீல அட்டை வைத்திருக்கும் மலேசியர். பையன் எந்த நாட்டுக்காரனும் இல்லை.

போன வருடம் வட்டார அளவிலான வயதுக் குழு ஆட்டத்துக்கு அவன் பெயரைக் கொடுத்தேன். அடையாள எண் கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்படின்னா அடுத்த பேரைச் சொல்லுங்க, சார்" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கையில் இருந்த தாளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஓர் அலுவலகத்துக்குப் பையனின் அப்பாவோடு மூன்று முறை போனேன். மூன்று முறையும் வேறு வேறு தாள் கேட்டார்கள். கடைசியில் கேட்டது அம்மாவின் பிறப்புப் பத்திரம்.

ஏழு விளையாட்டாளர்களின் தாத்தாமாரை உலகத்தின் மறுகோடி வரை தேடிப் போன நாட்டில், இந்தப் பையனின் தாத்தாவைத் தேட யாரும் ஒரு மைல்கூட வரவில்லை. என் மனத்தில் இருக்கும் வருத்தமெல்லாம் இதுதான்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் ஆடக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். வந்தவரை வெறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஒருவர் இங்கே வந்து வாழ்ந்து, நம் மொழி பேசி, இந்த மண்ணை விரும்பி அந்தப் புலிச் சின்னத்தைப் போட்டுக்கொண்டால் முதலில் கை தட்டுகிறவன் நானாக இருப்பேன். என் கேள்வி தாளைப் பற்றியது. தேசிய ஜெர்சி போட்டு ஒருவர் களத்தில் இறங்கும்போது, இவர் எங்கள் ஆள் என்று நாம், நம்மோடு ஆடும் வியட்நாமுக்கும் நேப்பாளத்துக்கும் சொல்கிறோம். அது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கு பொய்யாகிவிட்டது என்று ஃபீஃபா சொன்னபோது, எனக்கு நாட்டின் முகத்திலேயே அடி விழுந்த மாதிரி இருந்தது.

இந்த ஊருக்கு அது இன்னும் கொஞ்சம் ஆழமாக உறைக்கும். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. சுங்கை சிப்புட் என்ற பெயர் லண்டன் பத்திரிகைகளுக்கு அப்படித்தான் தெரிய வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்தில் முதல் தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டி. இறுதியாட்டத்தில் டென்மார்க்கை 8-1 என்று வென்றது மலாயா. அப்போது மலாயா ஒரு சுதந்திர நாடுகூடக் கிடையாது. நமக்குத் தூதரும் இல்லை, ஐ.நா.வில் இருக்கையும் இல்லை. ரத்தத்தோடு சேர்த்துச் செய்தியில் வந்துகொண்டிருந்த ஒரு பெயரை, வோங் பெங் சூனும் அவருடைய தோழர்களும் வேறு மாதிரி உச்சரிக்க வைத்தார்கள். நாடு பிறப்பதற்கு எட்டு வருடம் முன்பே அதற்கு ஒரு முகம் கிடைத்தது ஒரு பூப்பந்து மட்டையால்.

துங்கு அப்துல் ரஹ்மான் இதைத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிரதமராக இருந்தபோதே பெரும்பாலான ஆண்டுகள் வெளியுறவு அமைச்சும் அவர் கையில்தான் இருந்தது. காற்பந்துச் சங்கத்தின் தலைவரும் அவரே; 1958-லிருந்து ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் அவரே. சுதந்திரம் கிடைத்த 1957-லேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டியைத் தொடங்கினார். தென் கொரியா, பர்மா, இந்தியா, இந்தோனேசியா என்று ஆசிய நாடுகள் கோலாலம்பூருக்கு வந்தன. 1966-ல் போரில் எரிந்துகொண்டிருந்த தென் வியட்நாமின் அணி வந்து கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு போனது. காமன்வெல்த் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்துக் குரல் கொடுத்ததும் இதே துங்குதான். 1961-ல் தென்னாப்பிரிக்கா அந்த அமைப்பிலிருந்து வெளியேறியது. மாநாட்டில் பேசிய அதே ஆள்தான் திடலுக்கும் விருந்தாளிகளை அழைத்தார். இரண்டு இடத்திலும் நாம் ஒரே நாடாகத் தெரிந்தோம்.

1980 எனக்கே நினைவிருக்கிறது. பன்னிரண்டு வயது. தோட்டத்து கிளப்பில் ஒரே ஒரு தொலைக்காட்சி, மரப்பெட்டிக்குள் கதவு வைத்துப் பூட்டி இருக்கும். சாவி தோட்டத்து அலுவலகப் பெரிய கிராணியிடம். அந்த ஏப்ரல் மாதத்து இரவில் சாவி சீக்கிரமே வந்துவிட்டது. ஆண்கள் குளித்துத் தலை வாரி வந்திருந்தும் பால் வாடை போகவில்லை. அந்த வாடையோடுதான் அந்த ஆட்டம் எனக்குள் பதிந்திருக்கிறது. மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவோடு ஆட்டம். வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். கோலில் ஆறுமுகம், கை நீளத்துக்காக ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்ட மனிதர். அவருக்கு முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொடுக்க, சபாவிலிருந்தே வந்த ஜேம்ஸ் வோங் உள்ளே அடித்தார். 2-1. கிளப்பிலிருந்து லயம் வரைக்கும் பெரியவர்கள் எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தண்டலின் தோளில் நான் உட்கார்ந்திருந்தேன். காலையில் அப்பாவை அதட்டும் மனிதர் அவர்.

அப்புறம் நாம் மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. ஒரு நாள் அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, ஆப்கானிஸ்தான் எங்க இருக்கு?"

"தெரியாதுடா. அங்க ஒருத்தன் வீட்டுக்குள்ள இன்னொருத்தன் பூந்துட்டானாம். அதனால நம்ம ஆளுங்க போகலையாம்."

கொஞ்ச நேரம் கல்லில் அரிவாள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிதான்" என்றார்.

அந்த முடிவு சரியா என்று இன்றும் பேசலாம். ஆறுமுகத்துக்கு ஒலிம்பிக் திடல் கடைசி வரை கிடைக்கவில்லை. 1988-ல் சாலை விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு இன்று வரை நம் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. ஆனாலும் என் அப்பாவைப் போன்ற ஒரு மனிதர், நாடு என்ன சொன்னது என்று புரிந்துகொண்டு, வலித்தாலும் ஒப்புக்கொள்ள முடிந்தது. நாடு வெளிப்படையாக ஒரு சொல் சொன்னது. அதற்கு விளையாட்டாளர்கள் தங்கள் ஒலிம்பிக் வாய்ப்பை விலையாகக் கொடுத்தார்கள்.

1967 ஜகார்த்தாவும் அப்படித்தான். இந்தோனேசியாவோடு இருந்த மோதல் 1966 ஆகஸ்டில்தான் முடிந்திருந்தது. ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் தாமஸ் கிண்ண இறுதியாட்டம் அவர்கள் ஊரிலேயே நடந்தது. நாம் 4-3 என்று முன்னால் இருந்தபோது கூட்டத்தின் தொந்தரவால் ஆட்டம் நின்று போனது. பிறகு 6-3 என்று கிண்ணம் நமக்கு வந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே நம் இரட்டையர் இங் பூன் பீயும் டான் யீ கானும் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள். 2017-ல் வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜோங் நாம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் கொலையானபின், பியோங்யாங்கில் இருந்த நம் தூதரக ஆட்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள். வட கொரியாவோடு ஆட வேண்டிய ஆசியக் கிண்ணத் தகுதியாட்டம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் இரண்டு ஆட்டமும் தாய்லாந்தின் புரிராமில் நடந்தன. இரண்டிலும் 4-1 என்று தோற்றோம். தோற்றது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. போனோம், ஆடினோம், கை குலுக்கினோம்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டை உலகத்துக்கு யார் என்று காட்டியவர்கள் திடலிலிருந்து வந்தவர்கள். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிய ஜெகதீசன், அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய நம் பேராக்குப் பெண் ராஜாமணி, 1998 காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடந்தே தங்கம் கொண்டுவந்த சரவணன், ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை பட்டாணியிலிருந்து போய் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தங்கம் வென்ற சிவசங்கரி. இவர்களில் யாருக்கும் தாத்தாவின் பத்திரத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

தோட்டங்களில் திடல் இருந்தது. விடியும்முன் வெட்டுக்காட்டுக்குப் போனால் மதியம் தாண்டியதும் பால் எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வெயில் ஏறினால் பால் நிற்காமல் ஓடாது, அதனால் வேலை நேரம் அப்படி. சாயங்காலம் முழுக்க மனிதர்களுக்கு இருந்தது. அந்தச் சாயங்காலத்தில்தான் தோட்டத்துக்குத் தோட்டம் அணி உருவானது. எங்களுக்குப் பந்து இல்லாத நாளில் மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றி உருண்டையாக்குவோம். கனமாக இருக்கும். வெறுங்காலில் உதைத்தால் மூன்று நாள் நொண்ட வேண்டும். ஆனால் அது எம்பும் எம்பு இருக்கிறதே, கடைப்பந்து எதுவும் அப்படி எம்பாது.

தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் இடிந்தது, மக்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்குப் போனார்கள். நான் ஓடிய திடலில் இன்று இரண்டு வரிசை வீடுகள் நிற்கின்றன. கோல் கம்பம் இருந்த இடத்தில் ஒரு மின்சாரப் பெட்டி. இப்போது நாங்கள் ஆடும் திடல் மிச்சமிருப்பவற்றில் ஒன்று. கோல் கம்பம் பழைய தண்ணீர்க் குழாய், வலை மீன்வலை. ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், மறுபக்கம் செம்பனை. ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தொழிலாளர்களும், தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் நேப்பாளத்து இளைஞர்களும் வருவார்கள். பிள்ளைகள் அவர்களோடு மோதுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், பிறகு ஒரே வாளித் தண்ணீரைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கிறார்கள். இந்த நிலமும் விற்பனைக்குப் போகிறது என்று ஒரு பேச்சு அடிபடுகிறது.

நான் கேட்பது இதுதான். அந்த ஏழு பத்திரங்கள் எப்படித் தயாராயின, யார் கையெழுத்து, யார் பார்த்தும் பார்க்காமல் விட்டார்கள் என்பதை மக்கள் படிக்கும்படி முழுதாக வெளியிடுங்கள். நாட்டின் பெயரில் நடந்ததை நாடு தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டப்புறங்களில் மிச்சமிருக்கும் திடல்களை மாநில அரசோடு பேசிப் பொது விளையாட்டு நிலமாக அரசிதழில் பதிய வையுங்கள். பகாங் மாநிலத்துக் காம்பாங்கில் இருக்கும் இளையோர் காற்பந்துப் பயிற்சி மையமான மொக்தார் டஹாரி அகாடமி நல்ல இடம்தான், ஆனால் அதைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் நாட்டின் நடு மலைத்தொடரையே தாண்ட வேண்டும். ஆள் தேடுகிறவர்கள் வருடத்தில் ஒரு முறையாவது இந்தப் பக்கம் வரட்டும்.

அப்புறம், பத்திரம் இல்லாத பிள்ளைகள். குடியுரிமை உங்கள் கையில் இல்லை, உள்துறை அமைச்சின் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மாவட்ட அளவில், வயதுக் குழுவில், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஒரு பிள்ளை ஆடுவதற்கு வழி செய்ய உங்களால் முடியும். உள்துறை அமைச்சரிடம் நீங்கள் போய்ப் பேசினால், தோட்டத்துப் பையனின் அப்பா மூன்று முறை போய் நின்றதைவிட அது எடுபடும். அந்த ஏழு பேருக்கும் குடியுரிமை வேகமாகக் கிடைத்தது. அந்த வேகம் இந்த நாட்டில் இருக்கிறது என்று நீங்களே எங்களுக்குக் காட்டிவிட்டீர்கள். அதில் கொஞ்சம் இவனுக்கும் கொடுங்கள். இந்த மண்ணில் பிறந்த அம்மாவை, இந்த மண்ணில் பிறந்து இங்கேயே புதைந்த தாத்தாவை, பக்கத்து வீட்டு ஆயா உயிரோடு இருக்கும்போதே வந்து விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு எண்பத்து நான்கு வயது. நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது. பிரசவம் நடந்த மாதத்தையும், அன்று பெய்த மழையையும் சொல்கிறார்.

திங்கள், புதன், வெள்ளி, சனி. மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். மழை என்றால் கோயில் மண்டபத்தில் ஒதுங்கி இருப்போம். வலது ஓரத்தில் ஆடும் பையனை நான் அடையாளம் காட்ட வேண்டியதில்லை, பந்து அவன் காலுக்குப் போனதும் உங்களுக்கே தெரிந்துவிடும். வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். அவனுக்கு நல்ல காலணி இல்லை, யாரிடமாவது வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர்
சுங்கை சிப்புட், பேராக்